ஏலத்தோட்டமும் ஒரு பி.எச்.டி. விண்ணப்பமும்

அக்டோபர் பிறந்தால் போதும், ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "மாமா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல பி.எச்.டி. பண்ணலாம்னு இருக்கேன். எந்த யுனிவர்சிட்டிக்குப் போடலாம்?" அமெரிக்காவில் இருக்கும் நம்மாட்கள் உடனே ரேங்க் பட்டியலைத் திறப்பார்கள். ஸ்டான்போர்டு, பெர்க்லி என்று மேலிருந்து இறங்கிவந்து, முதல் பத்தில் மூன்று, அடுத்த இருபதில் நாலு, 'சேஃப்'பாக மூன்று என்று குறித்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எம்.எஸ். படிப்புக்கு இந்த முறை ஓரளவு செல்லும். பி.எச்.டி.க்குச் செல்லாது என்பது என் கட்சி.

எம்.எஸ். என்பது காசு கொடுத்துப் பாடம் கேட்பது. ஒன்றரை, இரண்டு வருடத்தில் முடிந்துவிடும். பி.எச்.டி. என்பது ஒரு கேள்வியோடு ஐந்து வருடம் குடித்தனம் நடத்துவது. பெரும்பாலும் அந்தக் கேள்வி ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சியிலிருந்துதான் கிளைக்கும். கல்யாணச் சம்பந்தம் பேசும்போது ஊர்ப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வெற்றிலை பாக்கு மாற்றுகிறோமா? வீட்டு ஆட்களை விசாரிக்கிறோம் இல்லையா? இங்கே மட்டும் ஏன் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம்?

"சராசரி கண்டுபிடிக்க எதுக்குடா அஞ்சு வருஷம்?" என்று எங்கள் பெரியப்பா ஒருமுறை கேட்டார். நல்ல கேள்வி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேராசிரியர் அப்படி என்னதான் ஆராய்ச்சி செய்கிறார் என்பது படித்த குடும்பங்களிலேயே பலருக்குத் தெரியாது. எங்கள் ஊரை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சாந்தன்பாறை. இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை தாலுகா. போடியிலிருந்து மெட்டு ஏறி, பூப்பாறை தாண்டினால் வரும். இருப்பது கேரளம் என்றாலும் ஏலத்தோட்டத்துக்குள் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். தலைமுறையாக லயத்தில் இருப்பவர்களும் உண்டு. விடியற்காலையில் தேனிப் பக்கமிருந்து ஜீப்பில் ஏறிவந்து, காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்கிப் போகிறவர்களும் உண்டு.

இடுக்கியில் ஞள்ளானி என்று ஒரு ஏலக்காய் ரகம் இருக்கிறது. ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததல்ல, கட்டப்பனைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் தன் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. மலையின் பெரும்பகுதியை அதுதான் பிடித்துக்கொண்டது. இப்போது வேறு ஒருவர், "என்னிடம் ஞள்ளானியைவிட அதிகம் காய்க்கிற ரகம் இருக்கிறது" என்று சொல்கிறார் என்று வையுங்கள். எப்படிச் சோதிப்பீர்கள்? அவருடைய செடியை ஓடையோரத்திலும் ஞள்ளானியை மேட்டிலும் வைத்தால் ஜெயிப்பது ரகமா, தண்ணீரா? சரிவுக்குச் சரிவு மண் வேறு, நிழல் வேறு, மழை வேறு. இருபதடி தள்ளினால் கதையே மாறிவிடும்.

இந்தத் தலைவலிதான் 1919-ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷருக்கும் வந்தது. அவர் சொன்ன வழி: நிலத்தை ஒரே மாதிரியான சிறு சிறு துண்டுகளாகப் பிரி, ஒவ்வொரு துண்டிலும் எல்லா ரகத்தையும் வை, எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய். அழகான யோசனை. ஆனால் சோதிக்க வேண்டிய ரகம் இருபது என்றால்? மலைச்சரிவில் ஒரே மாதிரியான துண்டு என்பது நாலைந்து பாத்திக்கு மேல் தேறாது. எல்லா ரகத்தையும் ஒரு துண்டில் வைக்க முடியாது. அப்படியானால் எந்த ரகத்தை எதனோடு எத்தனை முறை ஜோடி சேர்த்தால் கடைசியில் நியாயமாக ஒப்பிடலாம்? கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆர்.சி. போஸும் கே.ஆர். நாயரும் 1939-ல் இதற்கு ஒரு புதிய வகைத் திட்டத்தையே உருவாக்கினார்கள். இன்றும் அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. வயலில் ரகங்களை வரிசையிலும் நிரலிலும் அடுக்கும் அதே கட்டக் கணக்கைப் பிடித்துக்கொண்டே போன போஸ், 1959-ல் ஸ்ரீகண்டே, பார்க்கர் ஆகியோரோடு சேர்ந்து ஆய்லர் 1782-ல் சொல்லிவைத்திருந்த ஒரு ஊகத்தைத் தகர்த்துவிட்டார். ஆறு படைப்பிரிவு, ஆறு பதவி, ஆக 36 அதிகாரிகள். ஒரு வரிசையிலோ நிரலிலோ ஒரே படைப்பிரிவும் ஒரே பதவியும் இரண்டு முறை வராமல் இவர்களைச் சதுரமாக நிறுத்த முடியுமா? முடியாது என்றார் ஆய்லர். பத்து, பதினான்கு என்று அந்த வரிசையில் வரும் மற்ற எண்களுக்கும் முடியாது என்று ஊகித்தார். ஆறுக்கு அவர் சொன்னது சரி. மற்ற எல்லாவற்றுக்கும் முடியும் என்று நிரூபித்துக் காட்டினார்கள் இந்த மூவரும். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. பாத்தி கட்டும் கணக்கு எங்கே போய் நின்றது பாருங்கள். பெரியப்பாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப ஏலக்காய் வெலை ஏறுமா?" என்றார். :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகள் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்தவள். பத்தாவது வரை ஊரில் தமிழ் மீடியம், பிறகு கீழே இறங்கி வந்து தமிழ்நாட்டில் கல்லூரி. மச்சான் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் ஸ்டோர் பொறுப்பு. அவள் விண்ணப்பத்துக்காக எழுதிய நோக்கக் கட்டுரையை அனுப்பியிருந்தாள். சிறு வயதிலிருந்தே எண்கள் மீது தீராத ஆர்வம், உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகம், தரவு அறிவியலின் பிரகாசமான எதிர்காலம்... எல்லாம் இருந்தன. சாந்தன்பாறை இல்லை. ஏலக்காய் இல்லை. "ஏன் பாப்பா?" என்று கேட்டால், "தோட்டத்துக் கதையெல்லாம் எதுக்கு மாமா, கௌரவமா இருக்காது" என்றாள்.

எனக்கு இதில்தான் கோபம். அவள் மேல் இல்லை, இதை அவள் தலையில் ஏற்றிய நம் எல்லார் மேலும். வெளிநாட்டுப் படிப்பு என்றால் ஊரை உதறிவிட்டுப் போவது என்று பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? லீவில் போகும்போது சென்ட் பாட்டிலோடு நாம்தான்.

அதற்காக வறுமையை எழுதி இரக்கம் சம்பாதிக்கச் சொல்லவில்லை. லயத்து வீட்டின் ஒழுகும் கூரையைப் படித்து எந்தத் தேர்வுக் குழுவும் ஆராய்ச்சித் திறமையை எடை போடாது. நான் சொல்வது கேள்வியை. அவளுடைய எம்.எஸ்சி. புராஜெக்ட் எதில் தெரியுமா? ஐரிஸ் பூ. 1936-ல் ஃபிஷர் கட்டுரையில் வந்த 150 பூக்களின் அளவு. உலகத்தில் புள்ளியியல் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பூவை ஒரு தடவையாவது பறித்திருக்கும். 2022-ல் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் மலை முழுக்கக் குறிஞ்சி பூத்துக் கிடந்தபோதும் எங்கள் பிள்ளை கம்ப்யூட்டரில் ஐரிஸைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்குள்ளேயே என்ன இருக்கிறது? மச்சான் பல வருடமாக எழுதிவரும் நோட்டு இருக்கிறது. இன்ன தேதி, இவ்வளவு பச்சைக்காய் வந்தது, உலர்த்திய பின் இவ்வளவு. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்தது என்பார்கள். மழை அதிகமான வருடத்தில் அது எப்படி நகர்கிறது? (நோட்டு எஸ்டேட்டுடையது. முதலாளியிடம் கேட்காமல் தொடக்கூடாது, அதையும் சொல்லிவைத்தேன்.) அது வேண்டாமென்றால் நறுமணப் பொருள் வாரியம் நாள்தோறும் வெளியிடும் ஏலக் கணக்கு இருக்கிறது. வந்த சரக்கு எவ்வளவு, விற்றது எவ்வளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை. யாரும் பார்க்கலாம்.

2018 வெள்ளம், அடுத்து வந்த வறட்சி, அதன் பிறகு 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் என்று ஊரே பேசியது. அது அன்றைய அதிகபட்ச விலை, சராசரி அதைவிட வெகு கீழே. டீக்கடையில் பேசப்படுவது எப்போதும் அதிகபட்சம்தான். ஆனால் சராசரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது விற்ற சரக்கின் சராசரி. விலை படியவில்லை என்று திருப்பி எடுத்துப்போன சரக்கு அதில் இல்லை. அப்படியானால் உண்மையான சந்தை விலை என்ன?

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. காணாமல் போன தரவு எதனால் காணாமல் போனது என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறும் என்பதை டொனால்ட் ரூபின் 1976-ல் ஒரு கட்டுரையில் ஒழுங்குபடுத்தினார். அதிலிருந்து ஒரு பெரிய துறையே வளர்ந்திருக்கிறது. மருந்துச் சோதனையில் பாதியில் நின்றுபோன நோயாளிக்கும், ஏலத்தில் விற்காமல் திரும்பிய மூட்டைக்கும் அடிப்படைச் சிக்கல் உறவுமுறைதான். இப்போது அவள் தேட வேண்டியது எந்தப் பல்கலைக்கழகம் என்றல்ல, விடுபட்ட தரவில் இன்று யார் யார் வேலை செய்கிறார்கள் என்று. பேர் கிடைத்தால் பல்கலைக்கழகம் தானாகக் கிடைத்துவிடும்.

இப்படி வேலையோ சில்லறைக் கேள்வியோ வழிகாட்டிப் போனவர்களில் பெரிய பெயர் சி.ஆர். ராவ். 1920-ல் அன்றைய சென்னை மாகாணத்து ஹூவின ஹடகலியில் பிறந்தவர். ஆந்திரா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு, ராணுவத்துக்கான ஒரு சர்வே வேலைக்கு நேர்காணல் என்று கல்கத்தா போனார். வேலை கிடைக்கவில்லை. போன இடத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு 1941-ல் அங்கே சேர்ந்தார். கொஞ்ச வருடத்தில் பாடம் எடுக்கிறார். வகுப்பில் ஒரு மாணவர் (பின்னாளில் பொருளாதார அறிஞராகப் பெயர்பெற்ற தாண்டேகர்) எழுந்து, "ஃபிஷர் சொல்வது தரவு மிகப் பெரிதாக இருக்கும்போது, சிறிய தரவுக்கும் இப்படி ஒன்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ராவ் கண்டுபிடித்த விடைதான் 1945 கட்டுரையில் வந்தது. இன்று கிராமர்-ராவ் எல்லை என்கிறோம். பத்து மூட்டையை எடைபோட்டுப் பச்சைக்கும் காய்ந்ததற்கும் உள்ள விகிதத்தைக் கணிக்கிறீர்கள். ஒரு பக்கம் சாயாமல் கணிக்கும் முறை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், இந்தப் பத்து மூட்டையிலிருந்து இதற்கு மேல் துல்லியம் வராது என்று எல்லைக்கல் நடுகிறது அது.

கவனியுங்கள், அப்போது அவரிடம் பி.எச்.டி. இல்லை. 1946-ல் கேம்பிரிட்ஜ் போனதும் படிப்புக்காக அல்ல. சூடானில் ஜெபல் மோயா என்ற இடத்தில் தோண்டி எடுத்த பழங்கால எலும்புகளை அளந்து வகைப்படுத்த அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு ஆள் தேவைப்பட்டது. மஹலனோபிஸ் அனுப்பிவைத்தார். பகலில் எலும்பு, கூடவே ஃபிஷரிடம் மாணவராகப் பதிவு. 1948-ல் வாங்கிய பட்டத்தின் ஆய்வேடும் உயிரியல் வகைப்பாட்டில் வரும் புள்ளியியல் சிக்கல்கள் பற்றித்தான். எலும்பு அளந்ததை அவர் மறைக்கவில்லை, அதையே ஆய்வாக்கினார். 2023-ல் புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசு அறிவித்தபோது முன்னால் வைத்தது அந்த 1945 கட்டுரையை. அதே வருடம் ஆகஸ்டில் 102 வயதில் அமெரிக்காவில் காலமானார்.

ஒரே ஒரு பேராசிரியரைப் பிடித்துத் தொங்கு என்று இதற்குப் பொருளில்லை. அதற்கு நம்ம சென்னைக்காரர் வரதன் சாட்சி. மாநிலக் கல்லூரியில் 1959-ல் புள்ளியியல் முடித்துவிட்டு அதே கல்கத்தா நிறுவனத்துக்குப் போனபோது, தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு பார்க்கும் பக்கம் போவதாகத்தான் எண்ணம். அங்கே கே.ஆர். பார்த்தசாரதி, ரங்க ராவ் போன்ற சக மாணவர்கள் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு இழுத்துக்கொண்டார்கள். வழிகாட்டி சி.ஆர். ராவ். ஆனால் வேலை பெரும்பாலும் கூட்டாளிகளோடு. 1963-ல் பட்டம், பிறகு நியூயார்க், 2007-ல் ஏபெல் பரிசு. பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவ்வளவு முக்கியம். அதனால்தான் ஒரு துறையில் உங்களுக்குப் பிடித்த கேள்வியோடு குறைந்தது மூன்று பேராவது இருக்கிறார்களா என்று பாருங்கள் என்கிறேன். ஒருவர் ஓய்வு பெறுவார், ஒருவர் வேறு ஊர் போவார், ஒருவரோடு ஒத்துவராது.

பணத்துக்கு வருவோம். நம் குடும்பங்களில் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பது இதுதான். "பி.எச்.டி.யெல்லாம் வசதி உள்ளவங்களுக்கு, நீ ஒரு எம்.எஸ். பண்ணி வேலைக்குப் போ" என்கிறார்கள். அமெரிக்காவில் எம்.எஸ். என்றால் வீட்டை அடமானம் வைத்து முப்பது, ஐம்பது லட்சம் கடன். புள்ளியியல் பி.எச்.டி.க்கு இடம் கொடுக்கும் பெரும்பாலான துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளிவிட்டு, வகுப்பெடுக்கும் வேலைக்கு உதவித்தொகையும் கொடுக்கின்றன. சேமிக்க முடியாது, சாப்பிடலாம். கையில் காசில்லாதவனுக்கு எம்.எஸ்ஸைவிட பி.எச்.டி. மலிவு! லட்சக்கணக்கில் கமிஷன் பார்க்கும் ஏஜென்சிக்காரர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், அவர்கள் பிழைப்பு எம்.எஸ்ஸில்.

இடம் கிடைப்பது கஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025-ல் அரசு ஆராய்ச்சி நிதியில் கை வைத்தபோது சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பி.எச்.டி. இடங்களையே குறைத்தன. சேர்ந்தவர்கள் எல்லாரும் முடிப்பதும் இல்லை. அதனால் இந்தியாவைக் கைவிட வேண்டாம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். (இடுக்கித் தமிழர்கள் பலருக்கு இட ஒதுக்கீட்டுச் சலுகைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதே பெரும்பாடு. 1950-க்கு முன்பே இங்கே இருந்தாய் என்று காட்டு என்பார்கள். தோட்டத்தில் கூலியாக வந்த தாத்தா என்ன பத்திரமா வைத்திருப்பார்? அது தனிக் கதை.)

இன்னொன்று, மெயில். "மரியாதைக்குரிய ஐயா, தங்கள் மதிப்புமிக்க ஆய்வுகளைப் படித்தேன்" என்று நூறு பேருக்கு ஒரே மெயில் அனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான புள்ளியியல் துறைகளில் ஆள் எடுப்பது குழு. வழிகாட்டியைச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் முடிவு செய்வார்கள். அங்கே மெயிலைவிட நோக்கக் கட்டுரைதான் பேசும். இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவில் பல இடங்களில் வழிகாட்டியை முதலில் பிடிக்க வேண்டும், மெயில் அவசியம். இரண்டு இடத்திலும் அவருடைய கட்டுரை ஒன்றையாவது உண்மையாகப் படித்திருக்க வேண்டும். முழுக்கப் புரிய வேண்டியதில்லை. முன்னுரையும் கடைசிப் பகுதியும் படித்து, "இங்கே நீங்கள் இப்படி வைத்துக்கொள்கிறீர்கள், எங்கள் ஏலக் கணக்கில் அது பொருந்தாதே, என்ன செய்யலாம்?" என்று நாலு வரி எழுத முடிந்தால் போதும். கட்டுரைகள் பெரும்பாலும் ஆர்க்கைவ் தளத்தில் இலவசம். அவரிடம் முன்பு படித்தவர்கள் யார் என்று கணிதப் பரம்பரைத் தளத்தில் பார்த்து, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் தேடுங்கள்.

சிபாரிசுக் கடிதம் மூன்று வேண்டும். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுறேன்" என்கிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிக்கிறவருக்குத் தெரியாதா? உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவரிடம், அவர் சின்னக் கல்லூரிக்காரராக இருந்தாலும், உட்கார்ந்து பேசி வாங்குங்கள்.

"பொம்பளப் பிள்ளை, அஞ்சு வருஷம், கல்யாணம்?" என்று அக்கா கேட்டாள். ஐம்பது லட்சக் கடனோடு இருக்கிற பெண்ணுக்கு மட்டும் மாப்பிள்ளை வரிசையில் நிற்பானா என்று திருப்பிக் கேட்டேன். பதில் வரவில்லை. போனை மச்சானிடம் கொடுத்துவிட்டாள்.

கடைசியாகத் தேதிகள். அமெரிக்கத் துறைகள் பலவற்றுக்கு டிசம்பரில் கெடு. ஒரு விண்ணப்பத்துக்கு நூறு டாலரை ஒட்டி ஆகும், அதனால் பத்து வேண்டாம், யோசித்து ஐந்து. சில துறைகள் கேட்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும், கேளுங்கள். ஜி.ஆர்.இ. பல இடங்களில் இப்போது கட்டாயமில்லை, ஒவ்வொரு துறையின் பக்கத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். உதவித்தொகையோடு இடம் வந்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்க நேரம் உண்டு. இதை ஏற்றுக் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் அதற்கு முன் பதில் சொல்லச் சொல்லி நெருக்கக்கூடாது. அந்த இடைவெளியில் அங்கே படிக்கிற மாணவர் இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள். நேர்காணல் ஜனவரி, பிப்ரவரியில் வீடியோவில் இருக்கும். மலையில் கரண்டையும் நெட்டையும் நம்ப முடியாது, முதல்நாளே போடிக்கு இறங்கிச் சொந்தக்காரர் வீட்டில் இருந்துகொள்ளுங்கள்.